டயலிசிஸ் செய்பவரின் தடுமாற்றத்தை 'அறளை' என்று விட்டுவிடாதீர்கள்

மாமா பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் 30 வருசம் கணக்கெழுதியவர், கூட்டலுக்குக் கல்குலேட்டர் தொட்டதே இல்லை. சிறுநீரகம் பழுதாகி, மெசினால் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயலிசிஸ் தொடங்கி இரண்டாவது வருசம், ஒருநாள் பின்னேரம் ஓட்டோவில் வந்து இறங்கியவர், படலைக் கொழுக்கியை எந்தப் பக்கம் தள்ளுவதென்று தெரியாமல் விரலால் தடவியபடி நின்றார். அவரே அடித்துப் பூட்டிய படலை. வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றைத்தான்: "அறளை பேந்திட்டுது." வயது போய்ப் புத்தி தடுமாறுவதைச் சொல்லும் அந்தச் சொல் யாழ்ப்பாணத்தில் வந்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும், கிளினிக்கில் சொல்லவும் தோன்றாது. எங்களுக்கு ஆறு மாதம் தோன்றவில்லை. பெரிய தவறு அதுதான்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் டயலிசிஸ் செய்யும், 55 வயதும் அதற்கு மேலுமான 338 பேரைச் சோதித்த ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. 37 வீதமானோருக்குச் சிந்தனைத் திறன் கடுமையாகக் குறைந்திருந்தது, சாதாரணமாக இருந்தவர்கள் 13 வீதம் கூட இல்லை. ஆனால் மருத்துவக் குறிப்பில் அது பதியப்பட்டிருந்தது 3 வீதத்துக்கும் குறைவானவர்களுக்கே. கட்டிலில் படுத்திருப்பவரிடம் "சுகமோ?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் சொல்வார். வீட்டில் நடப்பதை வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு வயது மட்டும் காரணமில்லை. சிறுநீரகத்தைக் கெடுத்த சீனி வருத்தமும் பிரஷரும் மூளையின் சின்ன இரத்தக்குழாய்களையும் விட்டுவைப்பதில்லை, கூடவே இரத்தச்சோகை, உடம்பில் தேங்கும் கழிவுகள். அப்புறம் மெசின். இரண்டு மூன்று நாளாகச் சேர்ந்த நீரை நாலு மணித்தியாலத்தில் இழுக்கும்போது மூளைக்குப் போகும் இரத்தமும் குறையலாம். சேர்ந்த நீர் கூடக்கூட இழுப்பும் வேகமாகும், பிரஷர் விழும். தண்ணியை அளந்து குடிப்பவர்கள்கூட கூழையும் தேத்தண்ணியையும் கணக்கில் சேர்ப்பதில்லை, கருவாட்டையும் மோர்மிளகாயையும் விடுவதுமில்லை. உப்பு உள்ளே போனால் தாகம் தானாக வரும். "இன்றைக்கு ஏலாது, அடுத்த முறை போவம்" என்று ஒரு முறையைத் தவறவிடுவதும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

மறதியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது இன்னொரு தவறு. பெயரும் முகமும் ஊர்க்கதையும் அவருக்கு நன்றாகவே ஞாபகமிருக்கும். முதலில் தடுமாறுவது ஒழுங்கும் வேகமும்தான்: எதை முதலில் செய்வது, மிச்சக்காசு சரியா, பொஸ்பேட் ஏறாமலிருக்கச் சாப்பாட்டோடு போட வேண்டிய குளிசையை எப்போது போடுவது. மாமா அதை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார், நாங்கள் அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று ஏசிக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கஷ்டப்படுகிறது.

நேரமும் முக்கியம். மெசினில் இருக்கும்போதுதான் சிந்தனை மிகவும் மந்தமாக இருக்கும், அடுத்த நாளோ அடுத்த முறை ஏற்றுவதற்குச் சற்று முன்போ ஓரளவு தெளிவாக இருக்கும். ஆகவே காணி உறுதியையோ வங்கிப் படிவத்தையோ அந்தக் கட்டிலடிக்குக் கொண்டுபோய்க் கையெழுத்துக் கேட்காதீர்கள், நொத்தாரிசு ஐயாவை அன்று பின்னேரம் வீட்டுக்கும் கூப்பிடாதீர்கள். ஞாபகச் சோதனை செய்வதானாலும் டயலிசிஸ் இல்லாத நாளில் செய்யக் கேளுங்கள்.

மெல்ல மெல்ல வருவது வேறு, நேற்று நன்றாக இருந்தவர் இன்று பிதற்றுவது வேறு. இதைக் காலை வரை பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு இன்சுலின் உடம்பில் நெடுநேரம் நிற்கும், சீனி திடீரென்று விழலாம். டயலிசிஸுக்காகக் கழுத்தில் வைத்த குழாயில் கிருமி ஏறியிருக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் மருந்து ஏற்றுபவர் தலை அடிபட விழுந்திருந்தால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கலாம். காமரங்காப் பழமும் (நட்சத்திரப்பழம்) இவர்களுக்கு நஞ்சு, விக்கலில் தொடங்கி மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோகும். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

குளிசைகளையும் சந்தேகப்படுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். உடம்பு கடிக்கிறது, அரிக்கிறது என்று வாங்கும் பிரிட்டன் (Piriton) குளிசை, கால் எரிவுக்குக் கொடுக்கும் கபாபென்டின் போன்றவை இவர்களைக் குழப்பத்தில் தள்ளும். கபாபென்டின் வெளியேறுவதே சிறுநீரகத்தால்தான். என்ன நாள், என்ன தடுமாற்றம், டயலிசிஸுக்கு முன்னா பின்னா என்று ஒரு கொப்பியில் எழுதி, வீட்டிலுள்ள எல்லாக் குளிசையையும் ஒரே பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். மாமாவின் பையை டொக்டர் மேசையில் கொட்டிப் பார்த்தபோது, கபாபென்டின் இரண்டு கம்பனிப் பெயரில், இரண்டு பெட்டியில் இருந்தது. இரண்டையும் அவர் ஒழுங்காகப் போட்டு வந்திருக்கிறார்.