எல்லோரும் வரக்கூடிய இயற்கை நடை: ஏற்பாடு செய்யும் முறை

சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்வதற்காக 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. அந்நகரிலேயே பிறந்து வளர்ந்தும் மணலைத் தாண்ட வழியின்றிக் கடலைத் தொலைவிலிருந்தே பார்த்துவந்த பலர் அன்றுதான் அலையை அருகில் கண்டனர். இரண்டு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் அந்தப் பாதையின் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது. பின்னர் அது சீரமைக்கப்பட்டது. பறவைகளையும் மரஞ்செடிகளையும் அறியக் குழுவாகச் செல்லும் இயற்கை நடைக்கு ஏற்பாடு செய்பவர் இதிலிருந்து முதலில் அறியவேண்டியது, பாதை இருக்கிறது என்ற செய்தியை மட்டும் நம்பிப் புறப்படக் கூடாது என்பதே. கடலோரமோ ஏரிக்கரையோ பூங்காவோ எதுவாயினும், நடைக்கு முந்தைய வாரத்தில் நேரில் சென்று பார்த்துவிட வேண்டும்.

அப்படிப் பார்க்கச் செல்லும்போது சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நடப்பவரின் கண்ணுக்குத் தென்படாத இரண்டு அங்குல மேடு அவருக்கு உடனே தெரிந்துவிடும். கையில் அளவுநாடா இருக்கட்டும். சாய்தளம் ஓர் அடி உயர்வதற்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். ஆகவே, 15 செ.மீ. உயரமுள்ள ஒற்றைப் படிக்குப் பலகை போட நினைத்தால் அது 180 செ.மீ. நீளமாவது இருக்க வேண்டும். கதவும் வாயிலும் 90 செ.மீ. அகலம் இருப்பது நல்லது. நாற்காலி திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் சதுர இடம் தேவை. இருசக்கர வாகனங்களைத் தடுக்க நுழைவாயிலில் நடப்பட்ட கம்பிகள் சக்கர நாற்காலியையும் தடுக்கின்றனவா என்று பாருங்கள். பறவை பார்க்கும் மேடையில் நீங்களே ஒரு நாற்காலியில் அமர்ந்து பாருங்கள். நிற்பவருக்கு இடுப்பளவான கைப்பிடிச் சுவர் அமர்ந்திருப்பவரின் கண்ணை மறைத்து நிற்கக்கூடும். தொலைநோக்கியை முக்காலியில் பொருத்துவதானால், அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்குத் தாழ்த்த முடியுமா என்பதையும் அப்போதே சோதித்துவிடுங்கள்.

கழிப்பறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாங்கள் ஏற்பாடு செய்த முதல் நடையில் பாதை நன்றாக இருந்தது, சாய்தளமும் இருந்தது. கழிப்பறைக் கதவு மட்டும் குறுகலாக இருந்தது. அன்று வந்திருந்த தோழி ஒருவர் முந்தைய இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்திருந்தார் என்பது மதியம் அவருக்குத் தலை சுற்றிய பிறகே எங்களுக்குத் தெரிந்தது. வெளியே செல்லும் நாட்களில் அவர் எப்போதும் அப்படித்தான் செய்வாராம். அதன் பிறகு, உள்ளே நாற்காலியுடன் நுழைந்து கதவைச் சாத்த முடிகிற கழிப்பறை இல்லாத இடத்துக்கு நாங்கள் செல்வதில்லை. அருகிலுள்ள பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ அனுமதி பெற முடிந்தால் மட்டுமே விதிவிலக்கு.

காலமும் நேரமும் உடல்நலத்தோடு நேரடியாகத் தொடர்புடையவை. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு வியர்வை சரிவரச் சுரக்காது என்பதால், வெயில் அவர்களது உடல் வெப்பத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலை நேரம் அவர்களுக்கும் ஏற்றது. வலசைப் பறவைகள் வருவதும் அப்போதுதான். உணர்ச்சியற்ற கால்கள் வெயிலில் காய்ந்த இரும்பு இருக்கையில் பட்டால் சுடுவது தெரியாமலே தோல் வெந்துபோகும். தொடர்ந்து அசையாமல் அமர்ந்திருந்தால் அழுத்தப்புண் வரும். எனவே அரை மணிக்கு ஒருமுறை நிழலில் நின்று, உடலை நிமிர்த்தி மாற்றி அமர நேரம் கொடுங்கள்.

பார்வையற்றோர் வரும் நடையில் பறவைகளைக் காதால் அறியலாம். செம்போத்தின் ஆழ்ந்த ‘உப் உப்’ ஒலி, ஆள் நெருங்கியதும் கூச்சலிட்டு எழும் ஆள்காட்டி, வெண்மார்பு மீன்கொத்தியின் கடகடப்பு ஆகிய மூன்றே முதல் நாளுக்குப் போதும். ஒலி வரும் திசையைக் கடிகார முள்ளின் நிலையால் (நேர் எதிரே 12, வலப்புறம் 3 என்று) சொல்லுங்கள். ஆலம் விழுதையும் பனைமட்டையின் கருக்கையும் தொட்டறியலாம், மகிழம்பூவை முகர்ந்தறியலாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கேடு என்பதால் எருக்கைத் தொட விடாதீர்கள். காது கேளாதோர் இருந்தால், பேசுபவரின் முகத்தில் வெளிச்சம் விழும்படி நில்லுங்கள். அவர்கள் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருக்கும்போது சைகைமொழியைக் கவனிக்க முடியாது. முதலில் விளக்கிவிட்டுப் பிறகு பார்க்கச் சொல்லுங்கள்.

வறுமையும் வழியை மறிக்கும் ஒரு படிக்கட்டுதான். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு அருகே, பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களை அழைக்கும்போது, ஒரு நாள் கூலியை இழக்காத நேரமா, காலை உணவு உண்டா, கைக்குழந்தையோடு வரலாமா என்பதை அழைப்பிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களும், துணையாளர் ஒருவருடன் மாற்றுத்திறனாளிகளும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்பதையும் குறிப்பிடுங்கள். ஆனால் படியேற முடியாதவர்களுக்குத் தாழ்தளப் பேருந்து வரும் தடத்தையோ வேனையோ நீங்கள்தான் தேடித்தர வேண்டும். நீலத்தாழைக்கோழி எந்தக் கோரைக்குள் ஒளியும் என்பதை அங்குள்ள பிள்ளைகள் உங்களைவிட நன்கு அறிந்திருக்கலாம். அவர்களையே வழிகாட்டச் சொல்லுங்கள்.

குழுவில் மிக மெதுவாகச் செல்பவர் முன்னால் செல்லட்டும். நாற்காலியைத் தள்ளுவதற்கு முன் அமர்ந்திருப்பவரிடம் கேளுங்கள்; பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள். தூரத்தைவிட நிற்கும் இடங்களைத் திட்டமிடுங்கள். 300 மீட்டரில் இரண்டு மணி நேரம் கழிந்தால் அது நல்ல நடை.

நடை முடிந்த மறுநாள், வந்திருந்தவர்களை அழைத்துப் பேசி, எங்கே தடைபட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் சமமாகப் பங்கேற்கும் உரிமையை 29-ஆம் பிரிவில் அளிக்கிறது. அதைச் சுட்டி, அந்த இடத்தைப் பராமரிக்கும் துறைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். ‘போதிய வசதி இல்லை’ என்று பொதுப்பட எழுதாமல், ‘கழிப்பறைக் கதவின் அகலம் 62 செ.மீ., நாற்காலி நுழைய 90 செ.மீ. வேண்டும்’ என்று அளவோடும் படத்தோடும் எழுதுங்கள்.