குளிர்நீர் முக்குளிப்பில் பாதங்கள் விறைக்கக் காரணமாகும் தவறுகள்

குளிர்ந்த நீரில் ஸ்கூபா முக்குளித்துவிட்டுக் கரையேறுபவர்கள் முதலில் குறைப்பட்டுக்கொள்வது பெரும்பாலும் பாதங்களைப் பற்றித்தான். அடுத்த முறை இன்னொரு சோடி காலுறையைக் கூடுதலாக அணிந்துகொண்டால் சரியாகிவிடும் என்று அப்போதே முடிவும் செய்துவிடுகிறார்கள். பாதக் குளிர் தொடர்பான தவறுகளில் மிகப் பரவலானது இதுவே; பார்ப்பதற்கு நியாயமாகத் தோன்றுவதால் எளிதில் கைவிடப்படாததும் இதுவே.

காலுறை தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. பாதத்துக்கு வெப்பத்தைக் கொண்டுவருவது இரத்தம். அந்த வெப்பத்தைத் தப்பவிடாமல் காப்பது இழைகளுக்கு இடையே தங்கியிருக்கும் காற்று. அளவாகப் பொருந்தும் பூட்ஸுக்குள் இன்னொரு தடித்த காலுறையைத் திணிக்கும்போது இழைகள் நசுங்கி அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. இறுக்கத்தினால் இரத்த ஓட்டமும் குறைகிறது. வெப்பம் வருகிற வழியும் அடைபட்டு, வந்த வெப்பத்தைக் காக்கும் அடுக்கும் மெலிந்துபோன பின், எத்தனை காலுறை அணிந்தும் பயனில்லை. காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் நீரில் இந்தப் பிழை சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும்.

ஆகவே முதலில் காலுறையைத் தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ற பூட்ஸைத் தேட வேண்டும். நீருக்குள் அணியப்போகும் அதே காலுறைகளோடு பூட்ஸை மாட்டி, எழுந்து நின்று, பத்து விரல்களையும் மடக்கி நீட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். குதிகாலிலோ விரல் மடிப்பிலோ காலுறை சுருண்டு கிடக்கக் கூடாது. பூட்ஸ் பெரிதானால், அதன்மேல் மாட்டும் ஃபின்னும் (நீந்த உதவும் துடுப்புக் காலணி) பெரிதாக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெப்பமான கடலில் மெல்லிய பூட்ஸோடு பயன்படுத்திய ஃபின்னுக்குள் தடித்த பூட்ஸைச் செருகினால், மேற்பாதம் முழுவதும் அழுந்தி, குளிரோடு தசைப்பிடிப்பும் சேர்ந்துகொள்ளும். ஃபின்னின் பட்டையை வலிந்து இழுத்து இறுக்கும் பழக்கமும் இதே விளைவைத் தரும். ஆழத்தில் பூட்ஸின் நியோபிரீன் (வாயுக்குமிழிகள் நிறைந்த நுரை ரப்பர்) மெலிந்து பட்டை தளர்வதை எண்ணித்தான் அப்படி இறுக்குகிறார்கள் என்றால், தானாகவே சுருங்கி விரியும் ஸ்பிரிங் பட்டை அந்தக் கவலையைத் தீர்த்துவிடும்.

உடல் நனைய விடும் நியோபிரீன் உடையான வெட்சூட்டை அணிபவர்களுக்கு வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் வெட்சூட்டை உருவாக்கிய இயற்பியலாளர் ஹியூ பிராட்னர், துணிக்குள் வாயு சிறைப்பட்டிருந்தால் போதும், உடல் நனைவதால் பாதகமில்லை என்று கண்டார். நியோபிரீனின் வலிமையும் பலவீனமும் அந்த வாயுக்குமிழிகளில்தான் இருக்கின்றன. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல இரு மடங்காகி, குமிழிகளின் கன அளவு பாதியாகிறது. 30 மீட்டரில் அது கால்பங்காகிவிடும். எனவே 7 மில்லிமீட்டர் பூட்ஸ் என்பது மேற்பரப்பில் மட்டும் பொருந்தும் கணக்கு. பலமுறை ஆழம் கண்ட பழைய பூட்ஸில் குமிழிகள் நிரந்தரமாகவே நசுங்கியிருக்கும். தையலும் அடிப்பாகமும் நன்றாக இருக்கின்றன என்பதற்காக அதையே தொடர்ந்து அணிவது வீண் சிக்கனம். பூட்ஸின் மேல்விளிம்பை வெட்சூட்டின் கால்பகுதிக்கு வெளியே விட்டுவிடுவதும் தவறு. முன்னோக்கி நீந்தும்போது அந்த விளிம்பு வழியாகக் குளிர்ந்த நீர் ஓயாமல் உள்ளே புகும். விளிம்பை உள்ளே விட்டு, வெட்சூட்டை அதன்மேல் இழுத்துவிட வேண்டும்.

உள்ளே வாயு செலுத்தி அணியும் உடையான ட்ரைசூட்டில் நீர் புகாது என்றாலும், பாதங்கள் குளிர்வது நின்றுவிடுவதில்லை. உடைக்குள் இருக்கும் வாயு எப்போதும் மேலேறிச் செல்லும். நிமிர்ந்த நிலையில் மிதப்பவரின் தோள்களில் அது திரண்டுவிட, பாதங்களைச் சுற்றியுள்ள உடை தோலோடு ஒட்டி அழுந்துகிறது. தோளுக்கும் பாதத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயர வேறுபாடு இருந்தாலே விலையுயர்ந்த கம்பளிக் காலுறையைத் தட்டையாக்க அந்த அழுத்தம் போதும். கிடைமட்டமாக மிதக்கப் பழகியவருக்குப் பாதங்களிலும் ஓரளவு வாயு தங்குவதால், புதிய காலுறை வாங்குவதைவிட மிதக்கும் நிலையைச் சீர்செய்வது சில வேளைகளில் அதிகப் பலன் தரும். இறங்கும்போது உடை உடலை அழுத்தத் தொடங்கியதும் சிறிது வாயு சேர்க்கத் தயங்குவதும் பாதங்களையே முதலில் தண்டிக்கும். டிரைமிக்ஸ் (ஆக்சிஜன், நைட்ரஜன், ஹீலியம் கலந்த வாயு) சுவாசிப்பவர்கள் அதையே உடைக்குள்ளும் செலுத்தக் கூடாது. ஹீலியம் காற்றைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு வெப்பத்தைக் கடத்துவதால் உள்ளிருப்பதே எதிரியாகிவிடும்.

பாதங்களில் வாயு வேண்டும் என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு, கால்களை மேலே தூக்கி வாயுவை அங்கே அனுப்ப முயல்வது ஆபத்தானது. வெளியேற்றும் வால்வு பெரும்பாலும் மேற்கையில் இருப்பதால், கால்களில் சேர்ந்த வாயு வெளியேற வழியின்றி விரிந்துகொண்டே போகும். பூட்ஸ் காலைவிட்டு நழுவி, ஃபின் கழன்று, முக்குளிப்பவர் தலைகீழாக மேற்பரப்புக்கு இழுத்துச் செல்லப்படலாம். வெதுவெதுப்பான பாதத்துக்கு அது மிக அதிகமான விலை.

நீரில் இறங்கும் முன்பே பாதங்களை நனைத்துவிடுபவர்களும் உண்டு. முழு உடையோடு உபகரணங்களைச் சுமந்து நடக்கும்போது பாதங்கள் வியர்க்கின்றன. அந்த வியர்வையைப் பருத்திக் காலுறை உறிஞ்சி வைத்துக்கொள்ள, நீரில் இறங்கிய சற்று நேரத்தில் அது ஈரக் கட்டாகிவிடும். மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ ஈரமானாலும் ஓரளவு காப்பளிக்கும் என்பதால் அவையே ஏற்றவை. நடந்து வந்த காலுறையைக் கழற்றிவிட்டு, உலர்ந்த சோடியைக் கடைசி நேரத்தில் மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. உடை மாற்றும்போது வெறுங்காலோடு குளிர்ந்த தரையில் நிற்காமல், ஒரு தடித்த விரிப்பையாவது போட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் பாதங்கள் விறைத்தால், காரணத்தைப் பாதங்களுக்கு வெளியே தேட வேண்டும். உடலின் மையப்பகுதி குளிரத் தொடங்கினால், உள்ளுறுப்புகளைக் காப்பதற்காகக் கைகால்களுக்குச் செல்லும் இரத்த நாளங்களை உடல் சுருக்கிவிடுகிறது. மெல்லிய தலையுறையோ போதாத மார்புக் காப்போ அணிந்தவர் காலுறையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால், பாதங்கள் ஒருபோதும் வெப்பமடையப் போவதில்லை.

சூடேற்றும் கருவிகளில் கூடுதல் எச்சரிக்கை தேவை. கைகளுக்கென விற்கப்படும் இரும்புத்தூள் பொட்டலங்களைக் காலுறைக்குள் வைப்பது கூடாது. அவை ஆக்சிஜனோடு வினைபுரிந்து சூடாவதால், ஆழத்தில் ஆக்சிஜனின் பகுதியழுத்தம் (வாயுக்கலவையில் அதன் பங்குக்குரிய அழுத்தம்) உயரும்போது எதிர்பாராத அளவுக்குக் கொதிக்கலாம். மரத்துப்போன பாதமோ சுடுவதை உணராது. முக்குளிப்புக்கென்றே செய்யப்பட்ட மின்காலுறைகள் பயனுள்ளவையே. ஆனால் ஆழத்தில் வெப்பமாக இருந்து, மேலேறும் கட்டத்தில் குளிர்ந்துபோவது அழுத்தநீக்க நோயின் (அழுத்தம் குறையும்போது உடலில் கரைந்த வாயு குமிழிகளாவதால் வருவது) வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதை அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்பு ஆய்வுப் பிரிவு 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே தொடக்கத்திலேயே முழு வெப்பத்தை வைத்து மின்கலத்தைத் தீர்த்துவிடாமல், குறைந்த அளவில் தொடங்கி, மேலேறும்போது கூட்டுவதே முறை. கருவி நடுவில் நின்றுவிட்டாலும் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு மற்றக் காப்பு இருக்க வேண்டும்.

கரையேறியதும் கொதிக்கும் நீரில் பாதங்களை வைப்பது, தேய்த்துச் சூடேற்றுவது ஆகிய இரண்டையும் தவிர்க்க வேண்டும். உலர்த்தித் துடைத்து, காய்ந்த காலுறை அணிந்து, மெல்ல வெப்பமடைய விடுவதே போதும். உணர்வு திரும்பும்வரை அடுத்த முக்குளிப்பைத் தள்ளிப்போடுவது நல்லது. பூட்ஸையும் ட்ரைசூட்டின் காலுறைப் பகுதியையும் முற்றிலும் உலரவிடாமல் மறுநாள் அணிவது குளிரை வலிந்து அழைப்பதாகும்.

எல்லா மரத்துப்போதலையும் குளிரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பாதங்கள் வெப்பமடைந்த பிறகும் உணர்வின்மையோ கூச்சமோ நீடித்தால், ஒரு காலில் மட்டும் இருந்தால், அல்லது பலவீனமும் மூட்டுவலியும் சேர்ந்து வந்தால், அது அழுத்தநீக்க நோயின் அறிகுறியாக இருக்கலாம். அந்நிலையில் காத்திருந்து பார்க்காமல், முதலுதவியாகத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கக் கொடுத்து, முக்குளிப்பு மருத்துவம் தெரிந்தவரிடம் தாமதமின்றி அழைத்துச் செல்ல வேண்டும்.