மால்ட் அரைக்கிறவர்கள் உமியை மறந்துவிடுகிறார்கள்

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் உருளைகளுக்கு நடுவே மணியை நசுக்குகிற ரோலர் மில்லைச் சொந்தமாக வாங்கியதும் முதலில் செய்கிற காரியம், மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, நைசாக அரைத்தால் சர்க்கரை நிறைய இறங்கும் என்று ரோலர் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போவது. நானும் செய்தேன். டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டு கராஜில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 5 கிலோ மால்ட், வெந்நீரில் ஊறவைத்த பாத்திரத்தின் குழாயைத் திறந்தால் நாலு சொட்டு விழுந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. உள்ளே கரண்டியை விட்டுப் பார்த்தால் களி.

உள்ளிருக்கும் பருப்பு நொய்யாக உடைய வேண்டும், உமி முடிந்தவரை முழுசாக இருக்க வேண்டும், ஏனென்றால் வடிக்கும்போது அந்த உமிதான் சல்லடை. "நீ அவல் கொண்டு வா, நான் உமி கொண்டு வருகிறேன்" என்று ஏய்க்கிறவனைச் சொல்வோமே, இங்கே உமிக்காரன்தான் முக்கியம். தென்னாப்பிரிக்காவின் பாரம்பரிய பியரான உம்கோம்போத்திக்குச் சோள மால்ட்டை மாவாகவே போடுகிறார்களே என்று கேட்பீர்கள்; அது கலங்கலாகவே குடிக்கிற பானம், பார்லி பியருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. மிக்ஸியும் வேண்டாம்.

1 மி.மீ. இடைவெளியில் ஆரம்பியுங்கள். மில்லின் குமிழில் போட்டிருக்கும் கோடுகளை நம்பாமல், கார் மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குக்கு வைத்திருக்கிற ஃபீலர் கேஜை, அதாவது கனம் குறித்த மெல்லிய தகடுகளை, ரோலரின் இரண்டு ஓரத்திலும் விட்டுப் பாருங்கள். வங்கி அட்டையை வைத்து அளக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது 0.76 மி.மீ.தான், ஆரம்பத்துக்கு ரொம்ப நெருக்கம். ஒரு கைப்பிடி அரைத்து வெள்ளைத் தட்டில் பரப்பினால் உடையாத முழு மணி தென்படக் கூடாது. கோதுமை மால்ட்டுக்கு உமியே கிடையாது, மணியும் சின்னது, அதனால் அதைத் தனியாக 0.8 பக்கம் வைத்து அரைத்து, கோதுமை நிறையப் போடுகிற நாளில் கொஞ்சம் நெல் உமியும் கலந்துகொள்ளுங்கள். துணிப்பையில் ஊறவைக்கிறவர்கள் மட்டும் இன்னும் நைசாகப் போகலாம், அவர்களுக்குப் பைதான் சல்லடை.

அரைக்கும் முன் 5 கிலோவுக்கு 100 மில்லி தண்ணீரைப் பனி மாதிரித் தெளித்துப் பிசறிப் பத்து நிமிடம் விட்டால் உமி தோல் மாதிரி வளையும், உடையாது. தாராளமாக ஊற்றினால் ரோலரில் மாவு ஒட்டித் துரு ஏறும். ட்ரில் மாட்டி ஓட்டுகிறவர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும், வேகம் கூடினாலும் உமி கிழியும்.

முந்தின நாளே அரைத்து வைப்பதும் தப்பு. டர்பன் ஈரக்காற்றில் அரைத்த மால்ட் ஒரே ராத்திரியில் நமுத்துவிடும். பியர் நொதிக்கிற பாத்திரமான ஃபெர்மென்டர் பக்கத்தில் அரைக்கவே கூடாது, மால்ட் தூசியில் பியரைப் புளிப்பாக்கிக் கெடுக்கும் பாக்டீரியா இருக்கிறது.

சரி, இத்தனைக்கும் எவ்வளவு லாபம்? 5 கிலோவில் 23 லிட்டர் காய்ச்சும்போது திறன், அதாவது மால்ட்டிலிருந்து கிடைக்கக்கூடிய சர்க்கரையில் நம் கைக்கு வருகிற பங்கு, 65 சதவீதமாக இருந்தால் சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் சுமார் 1.042 காட்டும், 75 ஆனால் 1.049. ஒவ்வொரு முறையும் 0.1 மி.மீ. மட்டும் மாற்றி எழுதி வையுங்கள், அதே நாளில் தண்ணீரையும் சூட்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. என் மில் மூடியில் சாக்பீஸால் 0.95 என்று எழுதியிருக்கிறது.