குறுகிய நகர்வுக்குப் பெரிய விசை: ஹைட்ராலிக்குக்குப் பதிலாக மின்மோட்டர்

பெயரிங் பொருத்துதல், கேபிள் முனையை நசுக்குதல் போன்ற வேலைகளில் முழு விசையும் தேவைப்படுவது கடைசிச் சில மில்லிமீற்றரில் மட்டுமே. இதற்காகவே பம்பும் எண்ணெய்த் தொட்டியும் குழாய்களும் வைத்துப் பராமரிக்கும் கொழும்பு பஞ்சிகாவத்தைப் பக்கத்துச் சிறு வேலைத்தளங்கள் மின்மோட்டருக்கு மாற விரும்பினால், மோட்டர் தேடிப் புறப்படுவதற்கு முன் தேவையான விசையையும் தூரத்தையும் நேரத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போதுள்ள ஹைட்ராலிக் உருளையிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம். 50 மி.மீ. உள்விட்டமுள்ள உருளை 200 பார் அமுக்கத்தில் ஏறத்தாழ 39 கிலோநியூற்றன், அதாவது 4 தொன் அளவு விசை தரும். உருளையின் உச்ச அளவை அல்ல, வேலை நடக்கும்போது அமுக்கமானி காட்டும் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். 40 கிலோநியூற்றன் விசையுடன் 5 மி.மீ. தூரத்தை ஒரு செக்கனில் கடக்கத் தேவையான வலு வெறும் 200 வாட். பெரிய மோட்டர் வேண்டுமென்ற அச்சம் இங்கேயே நீங்கிவிடும். மோட்டரின் சுழற்சியை நேர்நகர்வாக மாற்ற, ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும், 90 சதவீத வினைத்திறனுள்ள பால் ஸ்குரூவுக்கு (ball screw, திருகுக்கும் நட்டுக்கும் இடையே குண்டுகள் உருளும் திருகு) ஏறத்தாழ 35 நியூற்றன் மீற்றர் முறுக்கம் போதும். 20க்கு 1 கியர்பொக்ஸ் வைத்தால் மோட்டரின் பங்கு ஏறத்தாழ 2 நியூற்றன் மீற்றர்தான். சாதாரண 230 வோல்ற்று இணைப்பே இதற்குத் தாங்கும்.

பால் ஸ்குரூவுக்கு ஒரு பலவீனம் உண்டு: நகர்வு மிகக் குறுகியதாக இருந்தால் குண்டுகள் ஒரே இடத்தில் முன்பின் அசைந்து, கிரீஸ் படலம் விலகி, தடத்தில் குழி விழும். ஆகவே இடையிடையே நீண்ட தூரம் ஓட்டிக் கிரீஸைப் பரப்ப வேண்டும். குண்டுகளுக்குப் பதிலாக உருளைகள் உள்ள ரோலர் ஸ்குரூ அதிகச் சுமையைத் தாங்கும், ஆனால் விலை கூடியது. சரிவகப் புரியுள்ள சாதாரணத் திருகு பெரும்பாலும் சுமையால் பின்னோக்கிச் சுழலாமல் தானே பூட்டிக்கொள்ளும். உராய்வில் வலுவின் பெரும்பகுதியை இழப்பதால், அடிக்கடி ஓடாத இயந்திரத்துக்கே அது பொருந்தும்.

விசை கடைசியில் மட்டும் வேண்டுமென்றால், முழங்கால் மடங்கி நிமிர்வது போன்ற இரட்டை நெம்பு இணைப்பையே நான் முதலில் பரிந்துரைப்பேன். சம நீளமுள்ள இரு தண்டுகளும் நேர்கோட்டிலிருந்து 15 பாகை விலகியிருக்கையில், மூட்டில் கொடுக்கும் விசை 1.9 மடங்காகும், 5 பாகையில் அது 5.7 மடங்காகும். பொருளின் தடிப்பு சற்று மாறினாலும் விசை பெரிதும் மாறிவிடும் என்பதால், தண்டின் நீளத்தைச் சரிசெய்யும் திருகு ஒன்று அவசியம்.

பாதுகாப்பில் அதிகக் கவனம் வேண்டும். ஹைட்ராலிக்கில் மிகை அமுக்கத்தைத் திறந்துவிடும் வால்வு உண்டு. திருகில் அப்படி எதுவும் இல்லை. கடினமான தடையில் முட்டினால், சுழலும் மோட்டரின் இயக்க ஆற்றல் முழுவதும் சட்டத்தின் மீது இறங்கும். எனவே மோட்டருக்குச் செல்லும் மின்னோட்டத்துக்கு எல்லை வைப்பதோடு மட்டும் நிற்காமல், விசையை அளக்கும் லோட் செல்லும், அதிர்ச்சியை உள்வாங்கும் டிஸ்க் ஸ்பிரிங் (தட்டு வடிவ ஸ்பிரிங்) அடுக்கும் வையுங்கள். மின்சாரம் நின்றவுடன் ஸ்பிரிங்கால் தானே பிடிக்கும் பிரேக் இல்லாவிட்டால் பால் ஸ்குரூ சுமையால் பின்னோக்கிச் சுழன்றுவிடும். இயந்திரத்தை வேலைக்கு விடுமுன், சுமையுடன் நிற்கும்போதே பிரதான சுவிட்சை அணைத்து அந்தப் பிரேக்கைச் சோதித்துப் பாருங்கள்.