லெச்சோன்: கெடுவதெல்லாம் நெருப்பில்தான்

பிலிப்பைன்ஸில் ஞானஸ்நானமோ, ஊர்த் திருவிழாவோ, கிறிஸ்துமஸோ, முழுப்பன்றி வறுவல் வந்து இறங்கினால்தான் விருந்து களைகட்டும். அதுதான் லெச்சோன். வீட்டு முற்றத்தில் முதன்முதலாக இதைச் செய்ய இறங்குபவர்கள், வயிற்றுக்குள் என்ன திணிப்பது என்றே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்நாட்டின் செபு தீவுப் பாணியில் எலுமிச்சைப்புல், பூண்டு, வெங்காயத்தாள், உப்பு வைத்துத் தைத்தால் போதும். அதில் சொதப்புவது கடினம்.

பன்றியின் அளவில் பேராசை வேண்டாம். 20 முதல் 25 கிலோ எடையுள்ளது ஏறக்குறைய 4 மணி நேரத்தில் தயாராகும். அதைவிடப் பெரிதென்றால், பழகாத கையில் தொடை வேகுமுன் தோல் கருகிவிடும். உறைந்த பன்றியாக இருந்தால் உள்ளே எலும்புவரை குளிர் விட்டிருக்க வேண்டும். கழுவிய பிறகு நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். ஈரத்தோல் மொறுமொறுப்பாவதற்கு முன் அவிந்துவிடும்.

மூங்கில் கழியில் குத்திவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதுகெலும்பைக் கழியோடு சேர்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டாவிட்டால், இறைச்சி வெந்து தளர்ந்ததும் கழி மட்டும் சுற்றும், பன்றி அசையாது. கம்பி துத்தநாகப் பூச்சு இல்லாததாக இருக்கட்டும்.

தணலை நேர் கீழே குவிப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. கொழுப்பு சொட்டச் சொட்டத் தீ கிளம்பும். தோலில் புகைக்கரி அப்பும். தணலை இரு பக்கமும் நீளவாக்கில் பரப்புங்கள். தோள்பட்டைக்கும் தொடைக்கும் நேராகக் கூடுதலாக, வயிற்றுக்கு நேராகக் குறைவாக. ஆரம்பத்தில் மிதமான அனல் போதும். கடைசி அரை மணி நேரத்தில் கூட்டினால் தோல் பொரிந்து வரும். அவசரப்பட்டு முதலிலேயே கூட்டினால் வெளியே கரி, உள்ளே பச்சை. நிறத்தை நம்பாமல், தொடையின் தடித்த இடத்தில் எலும்பில் படாதபடி வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்க வேண்டும்.

சுற்றுவதை நிறுத்தவே கூடாது. இந்தப் பொறுப்பை ரம் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும் மாமாக்களிடம் மட்டும் விடுவது ஆபத்து. கதை சூடுபிடிக்கும்போது கழி நின்றுபோகும்.

சர்க்கரை கலந்த சாஸைத் தோலில் பூசினால் சீக்கிரம் கருகும். இளநீரோ பாலோ லேசாகத் தடவலாம், ஓயாமல் அல்ல.

இறக்கியதும் அலுமினியத் தாளால் மூடிவிடுகிறார்கள். நாலு மணி நேர உழைப்பு நீராவியில் நனைந்து ரப்பர் தோலாகிவிடும். திறந்தபடி கால் மணி நேரம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

மிச்சத்தை மாலைவரை மேசையில் விடாதீர்கள். அந்த ஊர் வெக்கையில் ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போயாக வேண்டும். மறுநாள் வினிகர், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை, ஈரல் சாஸ் சேர்த்துக் கொதிக்கவைத்தால் அது பாக்சிவ். விருந்தைவிட இதற்காகவே காத்திருப்பவர்களும் உண்டு.