விமான டிக்கெட்: தேவையற்ற கட்டணத்தைத் தவிர்ப்பதும், வர வேண்டிய பணத்தை வாங்குவதும்

விமானம் ரத்தானாலும், பெட்டி வராமல் போனாலும் பயணிக்கு என்ன சேர வேண்டும் என்பது பெரும்பாலும் விதிகளிலேயே இருக்கிறது. ஆனாலும் பலருக்கு அந்தப் பணம் கைக்கு வருவதில்லை. பதற்றத்தில் அழுத்திய ஒரு பொத்தான், கவுண்டரில் வாங்காமல் வந்த ஒரு தாள், யோசிக்காமல் ஒப்புக்கொண்ட ஒரு வவுச்சர், பெரும்பாலும் காரணம் இவ்வளவுதான். சண்டை போடும் திறமையைவிட, எந்த நேரத்தில் எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்திருப்பதே இங்கே உதவும்.

டிக்கெட் எடுக்கும்போது

தேடலில் முதலில் வரும் விலையை வைத்து இரண்டு நிறுவனங்களை ஒப்பிடாதீர்கள். ஒரே விமானத்துக்கே மூன்று நான்கு கட்டண வகைகள் இருக்கும். மலிவான வகையில் செக்-இன் பெட்டி, இருக்கைத் தேர்வு, தேதி மாற்றம் எதுவும் சேர்ந்திருக்காது. டிக்கெட் விலை, போகும்போது பெட்டி, வரும்போது பெட்டி, இருக்கை, பணம் செலுத்துவதற்கான கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி வரும் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். பெட்டிக்கான கட்டணம் ஒவ்வொரு வழிக்கும், ஒவ்வொருவருக்கும் தனித்தனி. நால்வர் போய் வந்தால் எட்டு முறை கட்டுகிறோம். சில சமயம் பெட்டி சேர்ந்த அடுத்த கட்டண வகையே மொத்தத்தில் மலிவாக முடியும்.

இருக்கை வரைபடம் வரும் பக்கத்தில் 'தேர்வு செய்யாமல் தொடர்க' என்ற இணைப்பு சிறிய எழுத்தில் ஓரமாக இருக்கும். அதை அழுத்தினால் இருக்கை கிடைக்காமல் போகாது. செக்-இன் நேரத்தில் தானாக ஒதுக்குவார்கள். சிறு குழந்தையோடு போகிறவர்கள் பணம் கட்டும் முன் நிறுவனத்தின் விதியைப் பாருங்கள். ஒரே பதிவில் இருந்தால் பெற்றோர் ஒருவரின் பக்கத்திலேயே குழந்தைக்கு இடம் தரும் நிறுவனங்கள் உண்டு. இந்தியாவில் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இதை உறுதிசெய்யும்படி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024-இல் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

பணம் கட்டும் முன் காப்பீடு, எஸ்எம்எஸ் சேவை, முன்னுரிமை போர்டிங் போன்றவை ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படி முன்கூட்டியே டிக் செய்து வைப்பதற்கு 2008-ஆம் ஆண்டு விதியிலேயே தடை உண்டு. எல்லா நாட்டிலும் அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அன்றே திருத்துங்கள். நாள் ஆக ஆகக் கட்டணம் ஏறும். அமெரிக்கா செல்லும் அல்லது அங்கிருந்து புறப்படும் பயணத்தை நேரடியாக விமான நிறுவனத்திடம், புறப்பாட்டுக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது பதிவு செய்தால், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து முழுப் பணமும் பெறலாம். பணமே வாங்காமல் அதே 24 மணி நேரம் இருக்கையைப் பிடித்து வைக்கும் வசதியை அதற்குப் பதிலாகத் தரவும் நிறுவனத்துக்கு விதி இடம் தருகிறது.

இடைத்தரகு இணையதளத்தில் சிறிது மலிவாகக் கிடைத்தாலும் சிக்கல் வந்தால் இரண்டு அடுக்கு. 'ஏஜெண்டைக் கேளுங்கள்' என்பார் ஒருவர், 'நிறுவனம் இன்னும் அனுப்பவில்லை' என்பார் மற்றவர். ரத்துக் கட்டணமும் இரண்டு பேர் எடுப்பார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, இரண்டு விமானங்களைத் தனித்தனி டிக்கெட்டாக ஒட்டி விற்பது. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. ஒரே பி.என்.ஆர். (பதிவு எண்), ஒரே டிக்கெட் எண்ணா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். போகவும் வரவும் ஒரே டிக்கெட்டாக எடுத்து, முதல் விமானத்தில் ஏறாமல் விட்டால், மீதிப் பயணம் முழுவதும் தானாக ரத்தாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெட்டி கட்டும்போது

கைப்பெட்டியின் அளவில் சக்கரமும் கைப்பிடியும் சேர்த்தி. கடையில் எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் அவற்றை விட்டுவிட்டுச் சொல்வது. 55 × 40 × 20 செ.மீ. பல நிறுவனங்களில் வழக்கமான அளவு. ஆனால் மலிவு வகை டிக்கெட்டில் இருக்கைக்கு அடியில் வைக்கும் சிறு பை மட்டுமே இலவசமாக இருக்கலாம். துணிப் பை காலியாக இருக்கும்போது அளவுக்குள் நிற்கும், திணித்தால் முன்பக்கம் புடைத்து, விமான நிலையத்தில் பையை இறக்கி அளவு பார்க்கும் சட்டகத்தில் இறங்காது. ஆகவே நிரப்பிய பிறகு அளந்து பாருங்கள்.

செக்-இன் பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. என்பது பரவலான எல்லை. எடை வழக்கமாக 23 கிலோ. அதிகப் பணம் கட்டினாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பல இடங்களில் வாங்கவே மாட்டார்கள். தூக்கிப் போடும் ஊழியர்களின் முதுகைக் காக்கும் வரம்பு அது. வீட்டில் கொக்கித் தராசில் நிறுத்து, ஒரு கிலோ குறைவாகவே வையுங்கள். தராசுக்குத் தராசு வித்தியாசம் வரும்.

எடைக்கணக்கு, எண்ணிக்கைக்கணக்கு என்று இரண்டு முறைகள் உண்டு. எடைக்கணக்கில் ஒரே பதிவில் உள்ளவர்களின் மொத்தக் கிலோவைச் சேர்த்துக்கொள்ளப் பல நிறுவனங்கள் விடும். எண்ணிக்கைக்கணக்கில் ஒவ்வொரு பெட்டியும் தனியே தன் எல்லைக்குள் இருக்க வேண்டும். 26 கிலோவும் 18 கிலோவுமாக இரண்டு பெட்டி இருந்தால் முதல் பெட்டிக்கு அபராதம்தான், இரண்டாவதில் மிச்சம் இருப்பது கணக்கில் வராது. அங்கேயே திறந்து மாற்றினால் போதும், கூச்சப்பட வேண்டாம். கூடுதல் பெட்டி, அதிக எடை, அதிக அளவு மூன்றும் தனித்தனிக் கட்டணம் என்பதால் ஒரே பெட்டிக்கு மூன்றும் சேர்ந்து விழலாம்.

கூடுதல் பெட்டியை இணையத்தில் முன்பே வாங்குவது மலிவு, கவுண்டரில் அதிகம், ஏறும் வாசலில் மிக அதிகம். வாசலில் கைப்பெட்டியை வாங்கிக் கீழே போடச் சொன்னால் பவர் பேங்க், மருந்து, மடிக்கணினி, பாஸ்போர்ட், நகை எல்லாவற்றையும் முதலில் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி உள்ள பவர் பேங்க் சரக்கறைக்குப் போகவே கூடாது.

சில மலிவு நிறுவனங்கள் விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் அச்சடிக்கவும் பணம் வாங்குகின்றன. முந்தைய நாளே இணையத்தில் செக்-இன் செய்துவிடுங்கள். பெட்டியை மூடும் முன் உள்ளே இருப்பதை ஒரு படம், மூடிய பின் வெளியே ஒரு படம், கவுண்டரில் தரும் பத்து இலக்கப் பெட்டி எண்ணை ஒரு படம் எடுங்கள்.

விமானம் தாமதமானால், ரத்தானால்

முதல் விதி: நீங்களாக 'ரத்து செய்' பொத்தானை அழுத்தாதீர்கள். நிறுவனம் ரத்து செய்தால் உங்களுக்கு முழுப் பணம். அதற்கு ஐந்து நிமிடம் முன்பு நீங்கள் ரத்து செய்தால் அது உங்கள் விருப்ப ரத்து, கட்டணம் பிடிப்பார்கள். செயலியில் வரும் 'மாற்று விமானத்தை ஏற்கிறேன்', 'வவுச்சர் பெறுக' போன்ற பொத்தான்களும் அப்படியே. அழுத்தியபின் பணமாகக் கேட்பது கடினம்.

பிறகு செய்ய வேண்டியவை: அறிவிப்புப் பலகையைப் படம் எடுங்கள், வந்த குறுஞ்செய்தி, மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள். தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வரிசையில் நிற்கும்போதே செயலியிலும் தொலைபேசியிலும் முயலுங்கள், எது முதலில் கிடைக்கிறதோ அது. கவுண்டருக்குப் போகும் முன் இடம் உள்ள மாற்று விமானத்தின் எண்ணை நீங்களே கண்டுபிடித்து வையுங்கள். 'ஏதாவது செய்யுங்கள்' என்று கேட்பதைவிட, 'இந்த எண் விமானத்தில் இரண்டு இடம் இருக்கிறது, அதில் மாற்றித் தாருங்கள்' என்று கேட்டால் வேலை நடக்கும். எதிரே இருப்பவர் அன்று காலையிலிருந்து திட்டு வாங்கிக்கொண்டிருப்பவர். அவரால் செய்யக்கூடியதை மட்டும், தெளிவாக, மரியாதையாகக் கேளுங்கள்.

உணவும் தங்குமிடமும் தர வேண்டிய இடத்தில் தராவிட்டால், நியாயமான செலவில் நீங்களே பார்த்துக்கொண்டு, என்ன வாங்கினீர்கள் என்று விவரமாக உள்ள பில்லை வாங்கி வையுங்கள். கார்டு தேய்த்த சீட்டு மட்டும் போதாது. மது சேர்ந்திருந்தால் அந்தத் தொகையைக் கழித்துவிடுவார்கள்.

இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டு விட்டுக்கொடுக்க ஆள் கேட்டால், நான்கைக் கேட்ட பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்: அடுத்த விமானத்தில் உறுதியான இடமா காத்திருப்பா, பணமா வவுச்சரா, வவுச்சர் என்றால் எத்தனை மாதம் செல்லும், இடையில் சாப்பாடும் அறையும் யார் பொறுப்பு. விருப்பம் இல்லாமல் இறக்கிவிட்டால், 'நான் விருப்பமாக விட்டுக்கொடுக்கவில்லை' என்பதை எழுத்தில் பதியச் செய்யுங்கள்.

தேடலில் வரும் 'கஸ்டமர் கேர்' எண்களில் போலிகள் நிறைய. சமூக ஊடகத்தில் புகார் போட்ட சில நிமிடங்களில் நிறுவனத்தின் பெயரில் போலிக் கணக்கு வந்து தொலைபேசி எண் கேட்கும். நிறுவனத்தின் தளத்தில் உள்ள எண்ணை மட்டும் அழையுங்கள். ரீஃபண்ட் தர யாருக்கும் ஓடிபி தேவையில்லை.

எந்த விதி உங்களுக்கு

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து எந்த நிறுவனத்தில் புறப்பட்டாலும், வெளியிலிருந்து ஒன்றிய நிறுவனத்தில் அங்கே போனாலும், பயணிகளின் உரிமைக்கான 261/2004 என்ற ஒன்றிய விதி பொருந்தும். சேருமிடத்தை 3 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாக அடைந்தால் தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. 14 நாளுக்குக் குறைவான அவகாசத்தில் ரத்து செய்தாலும் இழப்பீடு கேட்கலாம். கடும் வானிலை போன்ற அசாதாரணக் காரணம் இருந்தால் இந்த இழப்பீடு கிடையாது, ஆனால் சாப்பாடும் அறையும் தந்தே ஆக வேண்டும். வழக்கமான தொழில்நுட்பக் கோளாறு அசாதாரணக் காரணம் ஆகாது என்று 2008-இலேயே ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 'டெக்னிக்கல்' என்று ஒற்றைச் சொல்லில் மறுத்தால் விட்டுவிட வேண்டாம்.

அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல், உள்நாட்டில் 3 மணி நேரம், பன்னாட்டில் 6 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணத்தை ஏற்காவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும். கிரெடிட் கார்டுக்கு 7 வேலை நாள். இந்தியாவில், அடிப்படைக் கட்டணம் திரும்பாத சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், ரத்து செய்தாலோ ஏறாவிட்டாலோ அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பக் கிடைக்க வேண்டும். பலர் கேட்பதே இல்லை.

பெட்டி வராவிட்டால்

விமான நிலையத்தை விட்டு வெளியே போகும் முன் பெட்டிப் புகார்ப் பதிவை வாங்குங்கள். அதில் விமான நிலையத்தின் மூன்றெழுத்து, நிறுவனத்தின் இரண்டெழுத்து, ஐந்து இலக்கம் கொண்ட எண் இருக்கும். இந்த எண் இல்லாமல் பின்னால் வாதாடுவது மிகக் கடினம். உடைந்திருந்தாலும் அங்கேயே பதியுங்கள்.

பன்னாட்டுப் பயணத்துக்கு 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கெடு: சேதத்துக்கு 7 நாள், தாமதமான பெட்டிக்குக் கையில் கிடைத்ததிலிருந்து 21 நாள், இரண்டும் எழுத்தில். கவுண்டரில் பதிந்ததே போதும் என்று இருந்துவிடாமல் தனியே மின்னஞ்சலும் அனுப்புங்கள். 21 நாளாகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி உரிமை கோரலாம். இழப்பீட்டின் உச்சம் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். 2024 டிசம்பர் 28 முதல் இந்த அளவு. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு, அன்றைய மதிப்பில் மாற்றித் தருவார்கள். உச்சம் என்பதால் தானாகக் கிடைக்காது, பில் வேண்டும். பெட்டி வரும்வரை வாங்கிய உடை, பற்பசை முதலியவற்றின் பில்லையும் இணைக்கலாம்.

புகார் எழுதும் முறை

ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். கோபத்தை விட்டு எண்களை வையுங்கள். இப்படி:

'பி.என்.ஆர். ……, டிக்கெட் எண் …… (13 இலக்கம்). …… தேதி …… எண் விமானம் …… மணி தாமதமாகச் சேர்ந்தது. காரணம் என்று சொல்லப்பட்டது: ……. …… விதிப்படி எனக்கு …… சேர வேண்டும். செலவு ……, பில்கள் இணைப்பில். வவுச்சர் வேண்டாம், பணம் செலுத்திய கார்டுக்கே அனுப்பவும். 14 நாளுக்குள் எழுத்தில் பதில் தேவை.'

பெட்டி, இருக்கைக்குக் கட்டிய பணத்தைத் தனி வரியில் கேளுங்கள். அவற்றுக்கு டிக்கெட்டிலிருந்து வேறான ரசீது எண் உண்டு. டிக்கெட் பணம் திரும்பி வந்தபோதும் இவை விடுபட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. வாங்கிய இருக்கை விமானம் மாறியதால் கிடைக்காமல் போனாலும் இதே வழிதான். நிறுவனத்தின் இணையப் படிவத்தில் அனுப்பினால், அனுப்பும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பல படிவங்கள் நகல் தருவதில்லை.

முதல் பதில் பெரும்பாலும் எல்லோருக்கும் அனுப்பத் தயாராக வைத்திருக்கும் மறுப்பு. அதே புகார் எண்ணில், அவர்கள் பதில் சொல்லாத கேள்வியை மட்டும் திரும்ப எழுதுங்கள். புதிதாகப் புகார் தொடங்கினால் பழைய தேதி போய்விடும். அதுவும் பலிக்காவிட்டால் அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு, அல்லது நுகர்வோர் நீதிமன்றம். கார்டில் கட்டியிருந்தால் 'சேவை தரப்படவில்லை' என்ற பிரிவில் வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது, கேட்கலாம். பயணத் தேதியிலிருந்து பொதுவாக 120 நாள்தான் கெடு, ஆகவே நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்து அதைத் தவறவிட வேண்டாம். மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் வழக்குத் தொடுக்க 2 ஆண்டு அவகாசம் உண்டு, அது விமானம் சேர்ந்த, அல்லது சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணப்படும்.