குழுவில் சண்டை பெரிதாவது எங்கே?

மகளிர் சுய உதவிக் குழுவில் ஒரு அக்கா இந்த மாதக் கடன் தவணை கட்டவில்லை. வங்கியில் குழுப் பெயர் கெட்டுவிடுமே என்று குழுவை நடத்தும் ஊக்குநர் தன் கைக்காசைப் போட்டுக் கட்டிவிடுகிறார், கூட்டத்தில் சொல்வதில்லை. இப்படிப்பட்ட குழுக்களில் நான் பார்த்த பெரிய சண்டைகள் பலவும் இந்த நல்ல மனசில்தான் தொடங்கின. மூன்று மாதம் கழித்து ஊக்குநர் பணத்தைக் கேட்கும்போது குழுக்கடன் இரண்டு வீட்டுக் கைமாற்றாகியிருக்கும். தீர்மான நோட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

தவணை தவறிய முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். "ஏன் கட்டலை?" என்று ஆரம்பிக்காமல் "என்னக்கா ஆச்சு?" என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிச் செலவா, நூறு நாள் வேலைக் கூலி வரவில்லையா என்பது அப்போதுதான் வெளியே வரும். எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து, எழுதி, சத்தமாக வாசித்த பிறகு கையெழுத்து வாங்குங்கள். வெற்றுப் பக்கத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

நாலு பேராகப் போய் வீட்டு வாசலில் நின்று கத்துவதை என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது. குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க நபார்டு (தேசிய வேளாண்மை, ஊரக வளர்ச்சி வங்கி) 1992இல் தொடங்கிய வங்கி இணைப்புத் திட்டமே அடமானத்துக்குப் பதில் குழுவின் கட்டுப்பாட்டை நம்பித்தான் நிற்கிறது. ஆனால் கட்டுப்பாடு வேறு, அவமானப்படுத்துவது வேறு. தெருவே பார்க்க அவமானப்பட்டவர் மறுபடி கூட்டத்துக்கு வரமாட்டார். பணமும் வராது.

புகார் ஊக்குநர் மேலேயே வந்தால்? அவரையே விசாரிக்க விடுவதும் தவறு, எல்லோரும் சேர்ந்து அவரைத் திருடியாக்குவதும் தவறு. ஊராட்சி அளவிலான குழு கூட்டமைப்பிலிருந்து வேறு குழுவைச் சேர்ந்த இருவரை வரச்சொல்லுங்கள். அவர்கள் முன்னால் ரொக்கப் புத்தகம், வங்கி பாஸ்புக், உறுப்பினர்களின் தனிப் பாஸ்புக் மூன்றையும் பக்கம் பக்கமாக விரித்து, மாதம் மாதமாக ஒத்துப்பாருங்கள். கட்டிய பணம் ரொக்கப் புத்தகத்தில் ஏறி, தனிப் பாஸ்புக்கில் ஏறாமல் விட்டுப்போயிருக்கலாம். அதை அன்றே எழுதி, தீர்மானமாகப் போடுங்கள்.

ஒருவரை நீக்கியே தீரவேண்டும் என்றால், முதலில் அவருடைய சேமிப்பையும் கடன் பாக்கியையும் கணக்குப் பார்த்து, மிச்சத்தை அவர் கையில் கொடுத்த பிறகே பெயரை அடியுங்கள்.